வண்டி வாங்க வரிசை போய், பழுது பார்க்க வரிசை!
மோட்டார் சைக்கிள் தொழிலில் ஐம்பது ஆண்டு மாற்றம்

2025 செப்டம்பர் 22-ந் தேதி மோட்டார் சைக்கிள்களுக்கான ஜி.எஸ்.டி. வரி குறைந்தது. 350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதம் ஆயிற்று. வரி சேராத விலை 60 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்பு ரூ.76,800 கொடுக்க வேண்டும். இப்போது ரூ.70,800 போதும். ஆறாயிரம் ரூபாய் மிச்சம். மாதச் சம்பளக்காரருக்கு இது சிறிய தொகை அல்ல.

அடுத்த வாரமே ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் புது வண்டி விற்கும் கடைகளில் கூட்டம் நெரிந்தது. அதே நாளில், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும் தெரு ஓரத்துப் பட்டறைகளில் ஸ்பேனர்களைக் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்துப் பூஜை செய்தார்கள். வண்டி விற்கிறவருக்கு அது நல்ல ஆயுத பூஜை. வண்டி பழுது பார்க்கிறவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நாட்டில் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் பெருகிக்கொண்டே போகின்றன. 2024-25-ம் நிதி ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 96 லட்சம் இருசக்கர வண்டிகள் உள்நாட்டில் விற்பனை ஆயின. இவ்வளவு வண்டி ஓடும்போது மெக்கானிக்குக்கு வேலை குவிய வேண்டும் அல்லவா? ஆனால் நிலைமை வேறாக இருக்கிறது. ஏன் என்று பார்க்க, ஒரு மனிதரின் உழைப்புக் காலம் முழுவதையும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1975-ல் பதினைந்து வயதில் வேலூர் பக்கத்திலிருந்தோ, தர்மபுரி பக்கத்திலிருந்தோ பெங்களூர் வந்து, பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த பையனுக்கு இன்று 65 வயது தாண்டியிருக்கும். இந்த ஐம்பது ஆண்டில் அவர் கையில் ஏறி இறங்கிய வண்டிகளின் கதையே இந்தத் தொழிலின் கதை.

காத்திருந்த காலம்

அந்தப் பையன் பட்டறைக்கு வந்த நாளில் கடைக்குப் போய்ப் பணத்தைக் கட்டி உடனே வண்டியை ஓட்டி வர முடியாது. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பஜாஜ் சேதக் ஸ்கூட்டருக்குப் பத்து ஆண்டு காத்திருந்தவர்களும் உண்டு. பையன் பிறந்ததும் பதிந்து வைத்தால் பள்ளிக்கூடம் போகும்போது வண்டி வரும் என்று கேலி பேசினார்கள்.

காரணம் எளிது. ஒரு தொழிற்சாலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதை மத்திய சர்க்கார் கொடுக்கும் லைசென்ஸ் தீர்மானித்தது. கேட்போர் பெருகினாலும், அனுமதி இல்லாமல் உற்பத்தியைப் பெருக்க முடியாது. ஸ்கூட்டர்களை யாருக்கு, எப்படி விற்பது என்பதற்கே 1960-ல் ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு போடப்பட்டது. வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்ற வழியும் இருந்தது. மற்றவர்களுக்கு வரிசைதான். அலாட்மெண்ட் கிடைத்தவர், அதைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றி லாபம் பார்த்தார்.

இந்தப் பஞ்சம் வாங்குவோரை வாட்டியது. மெக்கானிக்கை வாழ வைத்தது. கிடைப்பதே அரிது என்பதால், வாங்கிய வண்டியை யாரும் விடமாட்டார்கள். இருபது ஆண்டு ஓட்டுவார்கள். என்ஜினைப் பிரித்து, சிலிண்டரை ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டு மறுபடியும் ஓட்டுவார்கள். அந்த வேலை முழுவதும் தெருப் பட்டறைக்கே வந்தது.

மூன்று வண்டிகள்

மோட்டார் சைக்கிள் என்றால் அன்று பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான். சென்னை திருவொற்றியூரில் செய்த என்பீல்டு புல்லட் ஒன்று. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த ஜாவா இன்னொன்று. 1973-க்குப் பிறகு அதுவே எஸ்டி என்ற பெயரில் வந்தது. வடக்கே எஸ்கார்ட்ஸ் கம்பெனி செய்த ராஜ்தூத் மூன்றாவது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். புல்லட்டை உதைத்துக் கிளப்பவே ஒரு பழக்கம் வேண்டும். ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து பிறகு உதைக்க வேண்டும். தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். எஸ்டியில் கிக்கரே கியர் லீவர். உதைத்துக் கிளப்பிய பின் அதை முன்னால் மடக்கினால் கியர் போடலாம். ராஜ்தூத்தும் எஸ்டியும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் எரிந்து சைலன்சரில் கரி அடைக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். பாயிண்ட் தேய்ந்து டைமிங் மாறும்.

ஆகவே வண்டிக்காரர் மாதம் ஒரு முறையாவது பட்டறைக்கு வந்தார். பிளக்கைக் கழற்றித் தேய்ப்பது, பாயிண்டுக்கு இடைவெளி வைப்பது, கார்புரேட்டரைத் துடைப்பது, கரி எடுப்பது எல்லாம் சில்லறை வேலைகள். ஆனால் அன்றாட அடுப்பை எரிய வைத்தது அந்தச் சில்லறைதான்.

பட்டறையே பள்ளிக்கூடம்

பையனுக்குப் பாடப் புத்தகம் கிடையாது. முதல் ஆண்டு டீ வாங்கி வருவான். மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுவான். அடுத்து சக்கரத்தைக் கழற்றுவான், பஞ்சர் ஒட்டுவான். மூன்றாவது ஆண்டில் பிரேக்கும் கிளட்சும். என்ஜினைத் தொட விடுவதற்கு நாலைந்து ஆண்டு ஆகும். தமிழர் கடையில் முதலாளி ‘அண்ணே’. உருது பேசுவோர் கடையில் ‘உஸ்தாத்’. திட்டும் அடியும் உண்டு. சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் கற்றுக்கொண்டு வெளியே வந்தவன், ஒரு பெட்டி ஸ்பேனரோடு மரத்தடியில் உட்கார்ந்தாலும் பிழைத்துக்கொண்டான்.

அவன் கற்றது காதால் கேட்டு நோய் சொல்லும் வித்தை. தூரத்தில் வண்டி வரும்போதே ‘டேப்பட் சத்தம்’ என்றோ ‘பிஸ்டன் ஆடுகிறது’ என்றோ சொல்லிவிடுவான். ஜே.சி. ரோட்டிலும் கலாசிபாளையத்திலும் உதிரி பாகம் கிடைக்காவிட்டால், லேத்துப் பட்டறையில் கடைந்து போடுவான். பெயர், ஊர், சாதி, மொழி எதையும் கேட்காமல் கைத்திறமைக்கு மட்டும் கூலி கொடுத்த தொழில் இது. ஊரை விட்டு வந்த ஏழைத் தமிழ்ப் பையன்கள் பலர் காலூன்றியதற்கு இது ஒரு காரணம்.

1980-ல் தொடங்கிய திருப்பம்

1973-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. அதன் பிறகு ‘லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர்?’ என்பதே முதல் கேள்வி ஆயிற்று. 1980-ல் பெங்களூருக்கு அடுத்த ஓசூரிலிருந்து இருவர் உட்காரும் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. பால்காரர், காய்கறி வியாபாரி, குமாஸ்தா, பள்ளி ஆசிரியர் எல்லாரும் அதில் ஏறினார்கள்.

1982-ல் மத்திய சர்க்கார் சிறிய வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கம்பெனிகளின் கூட்டை அனுமதித்தது. ஜப்பான் வந்தது. 1984-ல் ஓசூரில் இண்ட்-சுசுகி. 1985-ல் யமஹா ஆர்.எக்ஸ். 100. அதே ஆண்டு ஹீரோ ஹோண்டா சி.டி. 100.

இவற்றில் கடைசி வண்டிதான் தொழிலைத் தலைகீழாக மாற்றியது. அது போர் ஸ்ட்ரோக் வண்டி. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகையோடு வெளியே போய்விடும், ஆயிலும் எரியும். போர் ஸ்ட்ரோக்கில் அந்த நஷ்டம் குறைவு. லிட்டருக்கு 80 கிலோ மீட்டர் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. பெட்ரோலில் ஆயில் கலக்கத் தேவையில்லை. கரி எடுக்கும் வேலை இல்லை. நேரத்துக்கு என்ஜின் ஆயில் மாற்றினால் போதும்.

குமாஸ்தாவுக்கு இது பெரிய வரப்பிரசாதம். காலையில் ஒரு உதையில் கிளம்பும் வண்டி, ஆபீசுக்கு நேரத்தில் கொண்டு சேர்க்கிறது. ஆனால் மாதம் ஒரு முறை பட்டறைக்கு வந்தவர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரத் தொடங்கினார். வண்டியின் குறையில் பிழைத்தவனுக்கு வண்டி நன்றாக இருப்பதே நஷ்டம். இந்த முரண்பாடு அன்று பெரிதாகத் தெரியவில்லை. வண்டிகளின் எண்ணிக்கை வேகமாகக் கூடியதால் குறைந்த வேலை எண்ணிக்கையில் ஈடுகட்டியது.

மூடிய ஆலை, மாறிய வியாபாரம்

1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையே எடுக்கப்பட்டது. வரிசை மறைந்தது. கடைக்காரர் வாங்குவோரைத் தேடிப் போகும் காலம் வந்தது. பணம் இல்லையா? தவணையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வண்டிக் கடையில் வண்டி விற்பவரின் மேஜைக்குப் பக்கத்திலேயே கடன் கொடுக்கிறவரின் மேஜையும் வந்தது. இன்ஷூரன்ஸ், கூடுதல் வாரண்டி, சர்வீஸ் கூப்பன் எல்லாம் ஒரே பில்லில் சேர்ந்தன. 2018 செப்டம்பர் முதல், புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் இன்ஷூரன்சை முன்கூட்டியே கட்டுவதும் கட்டாயம் ஆயிற்று.

போட்டிக்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள் வீழ்ந்தார்கள். மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடப்பட்டது. புகை பற்றிய விதிகள் கடுமையானதில் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆர்.எக்ஸ். 100-ம் 1996-லேயே நின்றது. 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர், 2001-ல் வந்த பல்சர் என்று போர் ஸ்ட்ரோக் வண்டிகள் தெருவை நிறைத்தன. பெண்களும் முதியவர்களும் ஆக்டிவா போன்ற கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு மாறினார்கள்.

ஜாவா பெயர் 2018-லும், எஸ்டி பெயர் 2022-லும் திரும்ப வந்தன. இப்போது அவை தயாராவது மத்தியப் பிரதேசத்து பீதம்பூரில். பெயர் திரும்பியது, மைசூர்த் தொழிலாளிக்கு வேலை திரும்பவில்லை. ஜூலை மாதம் பெங்களூரில் பழைய ஜாவா, எஸ்டி பிரியர்கள் கூடி ஊர்வலம் விடுகிறார்கள். பழைய வண்டியைப் புதிதுபோல் ஆக்கித் தரத் தெரிந்த மேஸ்திரிகளை அவர்கள் தேடிப் போகிறார்கள். நல்ல கூலியும் கொடுக்கிறார்கள். ஆனால் அது விரல் விட்டு எண்ணக்கூடிய கைகளுக்குத்தான் சோறு போடும். அதிலும், 20 ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ.2,000 ஆக்கப்பட்டது. சாதாரணமானவர் பழைய வண்டியைக் குஜிரிக் கடைக்குத் தள்ளிவிடவே பார்ப்பார்.

கார்புரேட்டர் போயிற்று

மெக்கானிக்கின் வயிற்றில் அடித்த மாற்றம் 2017-க்கும் 2020-க்கும் நடுவில் வந்தது.

2017 மார்ச் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. பழைய பி.எஸ்.-3 புகைத் தரத்து வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்றது. நாட்டில் 8 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விற்காமல் நின்றன. பெரும்பாலானவை இருசக்கர வண்டிகள். இரண்டே நாளில் விற்றாக வேண்டும். ஆயிரக்கணக்கில் தள்ளுபடி கொடுத்தார்கள்; கடைகளில் தள்ளுமுள்ளு. ஒரு காலத்தில் வண்டிக்காகப் பத்து ஆண்டு காத்திருந்த நாட்டில், கிடைத்த விலைக்கு வண்டியை எடுத்துப் போங்கள் என்று கடைக்காரர் கெஞ்சினார்.

2020 ஏப்ரல் 1-ந் தேதி பி.எஸ்.-6 தரம் வந்தது. நடுவில் பி.எஸ்.-5 என்ற படியே இல்லாமல் தாண்டிவிட்டார்கள். நகரத்துக் காற்றைக் காப்பாற்ற இது தேவைதான். அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் அந்த நாளோடு பெரும்பாலான புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் போயிற்று. அதன் இடத்தில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர், காற்றையும் சூட்டையும் புகையையும் அளக்கும் சென்சார்கள், அவற்றை ஆளும் ஒரு சிறிய கம்ப்யூட்டர் வந்தன. கோளாறு என்றால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். என்ன கோளாறு என்று தெரிய ஸ்கேனர் கருவியை மாட்டிப் படிக்க வேண்டும். 2023 ஏப்ரலில் இந்தக் கண்காணிப்பு இன்னும் கடுமை ஆக்கப்பட்டது.

காதால் கேட்டு நோய் சொன்னவனுக்கு இங்கே காது உதவாது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிச் சரி செய்ய ஸ்க்ரூவும் இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சாப்ட்வேர். ஒரு கம்பெனியின் கருவி மற்றொன்றின் வண்டியை முழுமையாகப் படிக்காது. ‘கம்பெனி சர்வீசுக்கே கொண்டு போங்கள்’ என்று நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் சொல்ல வேண்டியதாகிறது. கூலி போனதை விட அந்தச் சொல்தான் அவருக்கு அதிகம் வலிக்கும்.

மின்சார வண்டி

கார்புரேட்டர் போன அதிர்ச்சி தீருமுன் என்ஜினே இல்லாத வண்டி வந்துவிட்டது. 2024-25-ல் 11 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சார இருசக்கர வண்டிகள் விற்பனை ஆயின. மொத்த விற்பனையில் இன்னும் சிறு பங்குதான். ஆனால் வளரும் பங்கு.

இந்தப் புதுத் தொழிலின் பெரிய கூடம் பெங்களூர்த் தமிழர்களுக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறது. ஏதர் வண்டிகள் ஓசூரிலும், ஓலா வண்டிகள் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கத்திலும் தயாராகின்றன. டி.வி.எஸ். கம்பெனியும் மின்சார ஸ்கூட்டர் செய்கிறது. பழைய சேதக் என்ற பெயரே மின்சார வண்டியாக 2020-ல் திரும்ப வந்தது. அந்தத் தொழிற்சாலைகளில் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் வேலை கிடைக்கிறது. இது நல்ல செய்தி. ஆனால் அங்கே கதவு திறப்பது ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த இருபது வயதுக்காரருக்கு. ஐம்பது வயது மேஸ்திரிக்கு அல்ல.

மின்சார வண்டியில் பிளக் இல்லை, பிஸ்டன் இல்லை, கிளட்ச் இல்லை, என்ஜின் ஆயில் இல்லை. தெரு மெக்கானிக்குக்கு மிஞ்சுவது டயர், பிரேக், பேரிங், போர்க் இவைதான். பாட்டரியையும் மோட்டாரையும் கண்ட்ரோலரையும் வெளியாள் பிரித்தால் வாரண்டி கேள்விக்குறி ஆகிவிடுமோ என்று வண்டிக்காரர் பயப்படுகிறார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பாட்டரி என்பது வண்டி விலையில் பெரும்பங்கு. அறியாமல் கை வைத்தால் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு.

மீண்டும் வரிசை

இங்கேதான் கதை விசித்திரமாகத் திரும்புகிறது. வண்டி விற்கும் வேகத்துக்குச் சர்வீஸ் நிலையங்கள் பெருகவில்லை. ஒரு மின்சார ஸ்கூட்டர் கம்பெனி மீது மட்டும் ஓராண்டில் 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்தன. சர்வீஸ் தாமதம், சரியாகப் பழுது பார்க்காதது என்பவை அவற்றில் முக்கியமானவை. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கம்பெனிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

1975-ல் வண்டி வாங்க வரிசை. அதற்கு ஐம்பது ஆண்டுக்குப் பிறகு வண்டியைப் பழுது பார்க்க வரிசை. அன்று வரிசைக்குக் காரணம் லைசென்ஸ். இன்று காரணம், பழுது பார்க்கும் அறிவும் கருவியும் உதிரி பாகமும் கம்பெனியின் பூட்டுக்குள் இருப்பது. அன்று பற்றாக்குறையைச் சர்க்கார் உண்டாக்கியது. இன்று கம்பெனிகள் உண்டாக்குகின்றன. சிரமப்படுகிறவர் அன்றும் இன்றும் ஒருவரே. தவணை கட்டிக்கொண்டு, வண்டி இல்லாமல் பஸ்சுக்கு நிற்கிறாரே, அந்த மாதச் சம்பளக்காரர்.

உணவுப் பொட்டலமும் சாமானும் கொண்டு கொடுத்துப் பிழைக்கும் இளைஞனுக்கோ வண்டியே வயிறு. நாலு நாள் வண்டி சர்வீசில் நின்றால் நாலு நாள் வருமானம் இல்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக்கு அந்தக் கோளாறைச் சரி செய்யத் தெரிந்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆகவே, மெக்கானிக்கைக் கைதூக்கி விடுவதை அவருக்குச் செய்யும் தருமமாக நினைக்க வேண்டியதில்லை. வண்டி வைத்திருக்கும் கோடிக்கணக்கான பேருக்கு அது சொந்தத் தேவை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் கேள்வி கார்த் தொழிலில் ஏற்கெனவே எழுந்துவிட்டது. உதிரி பாகங்களையும் கோளாறு அறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்க மறுத்தார்கள் என்று 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பின்னர் அப்பீல்கள் நடந்தன. அது வேறு விஷயம். வண்டியை விற்றவரே பழுது பார்க்கும் உரிமையையும் தன் கையில் பூட்டி வைத்துக்கொள்வது நியாயம் அல்ல என்ற கொள்கை அன்று வெளிச்சத்துக்கு வந்தது.

2022-ல் மத்திய நுகர்வோர் விவகார இலாகா ‘பழுது பார்க்கும் உரிமை’ பற்றி ஆராய ஒரு கமிட்டியை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஒரு இணையத் தளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம் ஆகியவற்றோடு மோட்டார் வாகனமும் அதில் சேர்க்கப்பட்டது. கம்பெனிகள் தாமாக முன்வந்து விவரம் கொடுக்கலாம் என்ற அளவில்தான் அது அமைந்தது. ‘கொடுக்கலாம்’ என்பது ‘கொடுக்க வேண்டும்’ என்று ஆனால்தான் பட்டறைக்குப் பலன். நியாயமான விலையில் ஸ்கேனரும், சர்வீஸ் விவரமும், அசல் உதிரி பாகமும் எந்தப் பட்டறைக்கும் கிடைக்கச் சட்டம் வேண்டும்.

மெக்கானிக்கின் பக்கத்திலும் குறை உண்டு. சிலர் போலி உதிரி பாகத்தை அசல் விலைக்குப் போடுகிறார்கள். பில் கொடுப்பதில்லை. தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் தொட்டு வயரைக் கெடுக்கிறார்கள். இதனால்தான் படித்தவர்கள் கம்பெனி சர்வீசின் பக்கம் போகிறார்கள். நம்பிக்கை வேண்டும் என்றால் பில்லும் நாணயமும் வேண்டும்.

பதினெட்டில் ஒன்றாக இல்லை

மத்திய சர்க்கார் 2023 செப்டம்பரில் பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. கைத்தொழில் செய்வோருக்குப் பயிற்சி, பயிற்சி நாளில் ரூ.500 உதவித்தொகை, கருவி வாங்க ரூ.15,000, 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு 2 லட்சம் கடன் என்று நல்ல திட்டம். தச்சர், கொல்லர், பூட்டுச் செய்பவர், தையற்காரர், சவரத் தொழிலாளி என்று 18 தொழில்கள் அதில் உண்டு. மோட்டார் சைக்கிள் மெக்கானிக் அந்தப் பதினெட்டில் இல்லை.

குருவிடம் இருந்து கற்று, கையால் செய்து, கருவியை நம்பி வாழும் தொழில்தான் இதுவும். இந்த நாட்டில் இதற்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. இதைப் பத்தொன்பதாவது தொழிலாகச் சேர்த்தால் என்ன? கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு மல்டிமீட்டரும் சாதாரண ஸ்கேனரும் வாங்கலாம். பத்து நாள் பயிற்சியில் இன்ஜெக்டரும் சென்சாரும் பிடிபடும். ஏற்கெனவே என்ஜினின் உள்ளும் புறமும் அறிந்தவனுக்கு இது பெரிய மலை அல்ல.

அனுபவத்தால் கற்றவரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு பிரதமர் திறன் வளர்ச்சித் திட்டத்தில் இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் கம்பெனிகளின் சர்வீஸ் நிலையங்கள் மதித்து வேலை கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு. முத்ரா கடனில் 50 ஆயிரம் ரூபாய் வரை ‘சிசு’ என்ற முதல் படி. சிறு பட்டறைக்குக் கருவி வாங்க அதுவும் உதவும்.

வெளி மாநிலத்திலிருந்து வந்தவருக்கு இன்னொரு சங்கடம். விலாசச் சான்று ஊரில், பட்டறை பெங்களூரில். எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். அமைப்புசாரா தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அது 16 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். 65 வயது மேஸ்திரிக்கு அதிலும் இடம் இல்லை. அவரிடம் வேலை செய்யும் பையன்களாவது இப்போதே பதிந்துகொள்ள வேண்டும். இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் விழா நடத்துவதோடு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்று உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் பெரிய உதவி.

வண்டி வைத்திருப்போருக்கு

வண்டி வைத்திருப்போரும் செய்யக்கூடியது உண்டு. மின்சார வண்டியோ பெட்ரோல் வண்டியோ வாங்குமுன் விலையை மட்டும் கேட்கக் கூடாது. சர்வீஸ் நிலையம் எங்கே இருக்கிறது, எத்தனை நாளில் வண்டி திரும்பும், பாட்டரிக்கு எத்தனை ஆண்டு வாரண்டி, வெளிப் பட்டறையில் எந்தெந்த வேலை செய்துகொள்ளலாம் என்பவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சர்வீசில் ஏமாற்றம் என்றால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் கொடுக்கலாம். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படிப் புகார் செய்ததால்தான் 2024-ல் நோட்டீஸ் போயிற்று.

வாரண்டி முடிந்த வண்டியையும், டயர், பிரேக், செயின் போன்ற வேலைகளையும் தெரு மெக்கானிக்கிடம் கொடுப்பதில் தவறில்லை. பில் கேட்டு வாங்கலாம். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லலாம். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்க மாட்டார்.

இந்த ஐம்பது ஆண்டில் வாங்குவோர் அடைந்த லாபம் பெரிது. காத்திருப்பு ஒழிந்தது. பெட்ரோல் மிச்சம் ஆயிற்று. புகை குறைந்தது. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று எந்த மேஸ்திரியும் கேட்கவில்லை. ராஜ்தூத்தும் எஸ்டியும் போய் ஜப்பான் வண்டி வந்தபோது, அவர்கள் யாரும் சொல்லித் தராமலே அதையும் கற்றுக்கொண்டார்கள். அப்போது என்ஜினைப் பிரித்துப் பார்த்துக் கற்க முடிந்தது. இப்போது பிரித்துப் பார்த்தால் தெரியாத விஷயம் உள்ளே இருக்கிறது. அதன் சாவி கம்பெனியிடம் இருக்கிறது.

அந்தச் சாவியை நியாயமான விலைக்குக் கொடுக்கச் செய்வது சர்க்காரின் வேலை. கொடுத்தால் பழுது பார்க்கும் வரிசையும் குறையும்; அடுத்த ஆயுத பூஜைக்குப் பட்டறையில் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேனருக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள்.